புகார் மூடப்பட்டது, தண்ணீர் இன்னும் நாறுகிறது

ஊரிலிருந்து லண்டனுக்குத் திரும்பி வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதிவிட்டால் அடங்கும் என்று நினைக்கிறேன்.

நல்லபடியாக நடந்தவையும் உண்டு. சென்னை விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினேன், வண்டி மாறாமல் வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டையில் இறங்கினேன். விம்கோ நகர் வரைக்கும் 2021-இல் தடம் திறந்தபோது அண்ணன் போனில் சொன்னதை நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். பேங்க் வேலை, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். எங்கள் சந்து அடிபம்பைப் பற்றியும், அதற்காகக் கொடுத்த ஒரு புகாருக்கு நேர்ந்த கதியைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

டி.எச். ரோடு என்று நாங்கள் சொல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்று எங்களுடையது. வீட்டுக்கு வீடு வாசலில் அடிபம்பு. விடியற்காலையில் தண்ணீர் விட்டதும் தெரு முழுக்க பம்பு அடிக்கும் சத்தம் கேட்டே வளர்ந்தவன். இந்த முறை போன மறுநாள் காலை, பல் தேய்க்கத் தண்ணீர் மொண்டபோது அண்ணி ஓடி வந்து சொம்பை வாங்கிக்கொண்டார். "அதை வாயில வெக்காதீங்க தம்பி, கேன் தண்ணி உள்ள இருக்கு." முகர்ந்து பார்த்தேன். சாக்கடை வாடை.

எதிர்வீட்டு அக்கா ஒரு வேலை செய்து வைத்திருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நாள் பிடித்த தண்ணீர். லேபிளைக் கிழித்துவிட்டு, மார்க்கர் பேனாவால் தேதி எழுதியிருக்கிறார். சிலவற்றில் அடியில் கறுப்பாக நூல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. மழை பெய்த மறுநாள் பிடித்த பாட்டில் மட்டும் மற்றவற்றைவிடக் கலங்கலாக, நல்ல மஞ்சளாக இருந்தது. "யாராச்சும் ஆபீசர் வந்தா காட்டலாம்னுதான் எடுத்து வெச்சிருக்கேன் தம்பி. ஒருத்தரும் வரல" என்றார்.

முன்பெல்லாம் இதற்கு என்ன செய்வோம் என்று வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஏரியா ஆபீசுக்குப் போய் நோட்டில் எழுதிவிட்டு வருவது, கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பது, அவர் லெட்டர்பேடில் ஒரு வரி வாங்குவது. அதற்கும் அசையவில்லை என்றால் பெண்கள் காலிக் குடங்களோடு டி.எச். ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் இரண்டு பக்கமும் நின்றுவிடும். போலீஸ் வரும், பின்னாலேயே ஜீப்பில் பெரிய இன்ஜினியர் வருவார். அவர் வாயால் ஒரு தேதி சொல்லாமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தக் குடங்களுக்கு நடுவில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்களில் நானும் ஒருவன்.

இப்போது அதெல்லாம் வேண்டாம், புகார் கொடுக்க ஆப் இருக்கிறது என்றான் அண்ணன் மகன். சரி, நல்லதுதானே என்று என் போனில் இறக்கினேன். என்னுடைய லண்டன் எண்ணை அது ஏற்கவில்லை, பத்து இலக்க இந்திய எண்தான் வேண்டுமாம். அண்ணி எண்ணுக்கு ஓ.டி.பி. வரவழைத்து, அக்காவின் பாட்டில் வரிசையைப் படம் எடுத்து ஏற்றி, புகார் கொடுத்தோம். உடனே புகார் எண் வந்தது. உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். ஆபீசில் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் குறுஞ்செய்தி: தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.

தெருவுக்கு யாரும் வரவில்லை. அக்கா நாள் முழுக்கத் திண்ணையில்தான் இருந்தார். ஆப்பைத் திறந்தால், வேலை முடிந்ததற்குச் சாட்சியாக ஒரு புகைப்படம். மூடிய மேன்ஹோல் ஒன்று, பக்கத்தில் ஈர மண், பின்னால் மஞ்சள் சுவர். சுவரின் அடியில் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா படம் போட்ட டைல்ஸ் வரிசையாகப் பதித்திருந்தது. எங்கள் சந்தில் மஞ்சள் சுவரும் கிடையாது, சாமி டைல்ஸும் கிடையாது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சுவரைத் தேடிக் கிளம்பிவிட்டேன். அண்ணி, "ஊருக்கு வந்தவர் கோயில் குளம்னு போகாம சுவர் தேடிப் போறாரே" என்று வருத்தப்பட்டார். தெருத் தெருவாகப் போனோம். கடைசியில் ஒரு குடோனுக்குப் பின்பக்கம் அந்தச் சுவர் கிடைத்தது. அதே மூன்று டைல்ஸ், மாதா படத்தின் வலது மூலையில் போட்டோவில் இருந்த அதே விரிசல். மேன்ஹோலுக்குப் பக்கத்தில் மண் காய்ந்து புல் முளைத்திருந்தது. அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "ஆமாம்பா, வந்து அடைப்பு எடுத்துட்டுப் போனாங்க. அது ஆச்சு ரொம்ப நாளு. அதுக்கு இன்னா இப்போ?" என்றார். யாருக்கோ எப்போதோ செய்த வேலையின் படத்தை வைத்து எங்கள் புகாரை மூடியிருக்கிறார்கள்.

மூடிய புகாரைத் திறக்க ஆப்பில் வழி இல்லை. சேவை எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். நன்றி என்றது. புதிதாகப் புகார் கொடுத்தோம், அதையும் மூடினார்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். அங்கே எல்லாம் சொன்ன உடனே நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. நடைபாதையில் யாரோ தூக்கிப் போட்ட மெத்தை வாரக்கணக்கில் கிடப்பதும் உண்டு. ஆனால் அங்கே ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்று ஒரு தளம் 2007 முதல் இருக்கிறது. மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது, அரசு நடத்துவது அல்ல. வரைபடத்தில் இடத்தைக் குறித்துப் புகார் எழுதினால் அது சம்பந்தப்பட்ட கவுன்சிலுக்கு, அதாவது அந்த ஊர் உள்ளாட்சிக்குப் போகும், அதே நேரத்தில் ஊருக்கே தெரியும்படி தளத்திலும் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கலாம், பத்திரிகைக்காரர் பார்க்கலாம். நான்கு வாரம் கழித்து, புகார் கொடுத்தவருக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சரியாகிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் இல்லை என்றுதான் அங்கே நிற்கும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் புகார் யார் கண்ணுக்கும் தெரியாது. எங்களுக்கும் அந்த ஆபீசுக்கும் மட்டும்தான் தெரியும். அதை மூடும் அதிகாரம் அந்த ஆபீசிடம். டி.எச். ரோடு மறியலை எப்போது முடிப்பது என்று குடத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். வந்து பார்த்த அதிகாரி, "மறியல் முடிந்தது" என்று தானே எழுதிவைத்துவிட்டுப் போக முடிந்ததா? ஆப் வந்ததில் தெருக்காரர்கள் கையிலிருந்து போனது அதுதான். இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

நேரிலேயே போனேன். எந்த ஆபீஸ், எந்தப் பதவி என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்த இளைஞர் மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். தலைக்கு மேல் வேலை என்பது மேசையைப் பார்த்தாலே தெரிந்தது. டைல்ஸ் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சார், பெண்டிங்ல இருந்தா டேஷ்போர்டுல சிவப்பா நிக்கும். மீட்டிங்ல எத்தனை பெண்டிங்னுதான் கேப்பாங்க. எத்தனை ரிப்பேர் ஆச்சுன்னு கேக்க மாட்டாங்க. உங்க தெருவுல லைனையே மாத்தணும். எஸ்டிமேட் போடணும், சாங்ஷன் வாங்கணும், டெண்டர் விடணும், ரோடு வெட்ட பர்மிஷன் வாங்கணும். அதுக்கெல்லாம் இதுல பட்டன் இல்ல. ஓப்பன், குளோஸ், ரெண்டுதான்."

காரணத்தையும் அவரே விளக்கினார். பழைய குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடினால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியிலிருந்து எதையும் வரவிடாது. நம் ஊரில் சில மணி நேரம்தான் விடுகிறோம். மீதி நேரம் குழாய் காலி. இணைப்பில் ஒரு விரிசல் இருந்தால் போதும், சுற்றிலும் தேங்கியது உள்ளே வந்துவிடும். அடிபம்பு அடிக்கும்போது அது இன்னும் வேகமாக இழுக்கும். இத்தனையும் அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தெரிந்து வைத்திருப்பதை எழுத அந்த ஆப்பில் இடமில்லை. "தீர்க்க முடியவில்லை, குழாய் மாற்ற வேண்டும், எஸ்டிமேட் இந்த நிலையில் இருக்கிறது" என்று எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் அவரும் பொய்ப் படம் போட வேண்டியதில்லை, அக்காவும் பாட்டில் சேர்க்க வேண்டியதில்லை.

இணையம் வந்தால் அரசாங்கம் மாறும் என்று நான் மனதார நம்புகிறவன். பாதி மாறியும் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு இப்போது தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவரைத் தேடவேண்டியதில்லை, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் போதும். ஆனால் மாறியதெல்லாம் நாம் அரசிடமிருந்து எதையாவது வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான். நாம் சொல்வதை அரசு கேட்டாக வேண்டும் என்ற இடத்தில் ஒன்றும் பெரிதாக நகரவில்லை.

என் ஓட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் முறைப்படி குடியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட அங்கே ஓட்டுப் போடலாம். 2023 முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள், அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும். போக முடியாவிட்டால் தபால் ஓட்டு. சொந்தத் தொகுதியான ஆர்.கே. நகரில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் கதை வேறு. 2010-இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டில் வாழும் குடிமக்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஏ-வை இணையத்தில் நிரப்பலாம். ஓட்டுப் போடும் நாளன்று மட்டும் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நிற்க வேண்டும். ராணுவத்தினருக்கு வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பித் தபாலில் திரும்பப் பெறும் ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்காக, பதிலாள் மூலம் ஓட்டுப் போடும் மசோதா ஒன்று 2018-இல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது.

அதற்காகப் போனிலேயே ஓட்டு என்று கேட்கிறவன் இல்லை நான். எஸ்தோனியாவில் 2005 முதல் இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள், 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் அப்படித்தான் விழுந்தன. யாராவது மிரட்டி ஓட்டுப் போட வைத்தால் பிறகு தனியாக உட்கார்ந்து மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் பணப் பட்டுவாடா புகாரால் 2017 ஏப்ரலில் தேர்தல் ஆணையமே இடைத்தேர்தலை ரத்து செய்த தொகுதி எங்களுடையது. எங்கள் தெருப் பெண்களுக்கு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் யாரும் பார்க்காமல் பட்டனை அழுத்தும் அந்த ஒரு நிமிஷம் மிகப் பெரிய பாதுகாப்பு. அதை வீட்டுக்குள் கொண்டு வந்தால் கணவனும் கட்சிக்காரனும் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். ஓட்டு சாவடியிலேயே இருக்கட்டும். இணையம் வேலை செய்ய வேண்டியது ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவில் இருக்கும் ஐந்து வருஷத்தில்.

அந்த ஐந்து வருஷமே சென்னையில் நீண்டுபோய்விட்டது. 1688-இல் தொடங்கிய மாநகராட்சிக்கு 2016 அக்டோபருக்குப் பிறகு 2022 பிப்ரவரித் தேர்தல் வரைக்கும் கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரிகள்தான் நடத்தினார்கள். தேர்தல் முடிந்து வடசென்னைப் பெண்ணான பிரியா மேயரானார். சென்னையின் முதல் பட்டியல் சமூகப் பெண் மேயர். ஈஸ்ட் ஹாமில் நாங்கள் அன்று இனிப்பு கொடுத்தோம். வார்டு குழுவுக்கும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் விதிகள் அதே ஆண்டில் வந்தன. அந்தச் சபையில் என்ன பேசினார்கள், எந்தத் தெருவுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்பதை அண்ணன் மகன் போனில் பார்க்க முடிந்தால், அதுதான் எனக்கு இணைய அரசாங்கம். இங்கிலாந்தில் கவுன்சில் கூட்டத்தை யார் வேண்டுமானாலும் போனில் படம் பிடிக்கலாம் என்று 2014-இலேயே விதி செய்துவிட்டார்கள்.

கூட்டமாகச் சேர்ந்து எழுதினால் மட்டும் காரியம் நடந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தளத்தில் ஒரு மனுவுக்கு 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் எழுத வேண்டும், ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதைப் பரிசீலிப்பார்கள். 2019-இல் பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதை நிறுத்தச் சொல்லி அறுபது லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அரசு முடியாது என்றது. ஆனால் முடியாது என்பதை எழுத்தில், எல்லோரும் படிக்கும் இடத்தில், காரணத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, அதாவது ஆலை, சுரங்கம் போன்றவற்றுக்குச் சூழல் அனுமதி தரும் விதிகளின் புது வரைவு வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் மின்னஞ்சலில் கருத்து அனுப்பினார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போட்டால் போதாது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணூர், மணலிப் புகையை மூச்சில் வாங்குகிறவர்களுக்குத் தமிழில் படித்துத் தமிழில் பதில் எழுதும் உரிமை கோர்ட்டுக்குப் போய்த்தான் கிடைக்க வேண்டுமா? கொடுங்கையூரில் குப்பை எரிக்கும் உலை வேண்டாம் என்று சொன்னவர்களும் கடைசியில் ரோட்டில் வந்து கைகோத்து நிற்க வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முன் தெரு வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். அதுவரை அதில் காலை வணக்கமும் கட்சி மீம்ஸும்தான் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் மகன் ஒரு பட்டியல் தயார் செய்தான்: தேதி, வீடு, நிறம், வாடை, படம். போன் இல்லாத வீட்டுக்கு அவனே போய்க் கேட்டு எழுதுகிறான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "ஆபீஸ் மூடினதா சொன்னா நாம மூடினதா ஆகாது. தண்ணி நல்லா வருதுன்னு அந்த வீட்டுக்காரங்க சொல்ற வரைக்கும் அந்த வரி அங்கயே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். மூடிய புகார்களின் எண்களையும் அந்த டைல்ஸ் படத்தையும் அதே பட்டியலில் சேர்த்தோம்.

அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். அண்ணன் பெயரில் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா, "என் பேர்ல போடுங்க, பாட்டில் என்னோடது" என்றார். கேட்டிருக்கும் கேள்விகள் இவை: எங்கள் தெருவிலிருந்து வந்த புகார்கள் எத்தனை, ஒவ்வொன்றையும் மூடிய நாள் எது, மூடுவதற்கு முன் தெருவுக்கு நேரில் வந்தவர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார், குழாய் மாற்ற எஸ்டிமேட் போட்டிருந்தால் அதன் நகல். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கான தாளையும் அக்கா இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்.